கதவு எத்தனை அங்குலம்?

2022 மே 7 அன்று ராஞ்சி விமான நிலையத்தில் ஹைதராபாத் விமானத்துக்காக ஒரு குடும்பம் காத்திருந்தது. உடன் வந்த சிறுவன் சிறப்புக் குழந்தை. வழிப்பயண அலுப்பும் விமான நிலைய நெரிசலும் சேர்ந்து அவனைக் கலங்கடித்திருந்தன. பெற்றோர் அவனைத் தேற்றிச் சமாதானப்படுத்தியும் விட்டார்கள். ஆனாலும் இண்டிகோ ஊழியர்கள் ஏற்ற மறுத்தார்கள். மற்ற பயணிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டினார்கள். அந்த 'மற்ற பயணிகள்' பலரும், அவர்களில் இருந்த மருத்துவர்களும், குழந்தைக்காகவே வாதாடினார்கள். பலனில்லை. அந்தக் குடும்பத்தை விட்டுவிட்டு விமானம் கிளம்பியது.

சக பயணி ஒருவர் சமூக வலைதளத்தில் நடந்ததை எழுத, விவகாரம் நாடெங்கும் பேசப்பட்டது. அதே மாதம் 28ஆம் தேதி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இண்டிகோவுக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அந்த அளவுள்ள நிறுவனத்துக்கு அது கைச்செலவுக் காசு. அபராதத்தைவிடப் பெரிய பலன் ஜூலையில் கிடைத்தது. உடற்குறையைக் காரணம் காட்டி எந்த விமான நிறுவனமும் பயணியை மறுக்கக் கூடாது; வானில் உடல்நிலை மோசமாகலாம் என்று தோன்றினால் ஒரு மருத்துவர் நேரில் பரிசோதித்துக் கருத்துச் சொல்ல வேண்டும்; அதன் பிறகே முடிவெடுக்கலாம் என்று விதி திருத்தப்பட்டது. வாசலில் நிற்கும் ஊழியரின் ஊகத்துக்கு இனி இடமில்லை என்பதே இதன் பொருள்.

இந்த வெற்றி இதற்கு முன்பே ஒருமுறை கிடைத்திருந்தது. 2012 பிப்ரவரியில் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்கு ஒரு மாநாட்டுக்குக் கிளம்பிய ஜீஜா கோஷ், மூளை முடக்குவாதம் உள்ளவர். ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் இருக்கையில் உட்கார்ந்த பிறகு அவர் இறக்கிவிடப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. 2016 மே மாதம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது. நான்கு ஆண்டு வழக்கு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் இருந்தும் ஆறே ஆண்டுகளில் ராஞ்சியில் அதே கதை. மாற்றுத்திறனாளிகள் சுற்றுலா கிளம்பும் முன் ஏன் இவ்வளவு விசாரிக்கிறார்கள், ஏன் இத்தனை தாள்களை நகல் எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சரி, தமிழ்நாட்டிலிருந்து ஹைதராபாத்துக்கு நான்கு நாள் போய்வர விரும்பும் ஒருவர், சக்கர நாற்காலியில் இருப்பவரோ பார்வையற்றவரோ, எங்கிருந்து தொடங்குவது?

விமானம் என்றால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே தேவையைச் சொல்லிவிட வேண்டும். 'வீல்சேர் வேண்டும்' என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். விமான நிறுவனங்கள் உலகம் முழுக்க மூன்று குறியீடுகளைப் பயன்படுத்துகின்றன. படி ஏற முடியும், நெடுந்தூரம்தான் நடக்க முடியாது என்றால் டபிள்யூ.சி.ஹெச்.ஆர். படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் இருக்கை வரை நடக்க முடியும் என்றால் டபிள்யூ.சி.ஹெச்.எஸ். இருக்கை வரையிலுமே தூக்கிச் செல்ல வேண்டும் என்றால் டபிள்யூ.சி.ஹெச்.சி. டிக்கெட்டில் கடைசி எழுத்து மாறிப்போனால், விமானத்தின் குறுகிய நடைபாதைக்கென்றே இருக்கும் ஒல்லியான நாற்காலி வந்து சேராது. அதை ஏணிப்படியின் அடியில் நின்றுகொண்டு கண்டுபிடிப்பதைவிட வீட்டில் இருந்தபடி சரிபார்ப்பது மேல்.

மின்சார நாற்காலிக்காரர்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு: பேட்டரி என்ன வகை? கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி 300 வாட்-மணி வரை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லலாம் என்பது பன்னாட்டு விதி. அந்த எண் பேட்டரியின் மேலேயே அச்சிட்டிருக்கும். அதைப் படம் பிடித்து முன்கூட்டியே அனுப்பிவிட்டால், பாதுகாப்புச் சோதனையில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி குறையும். சொந்த நாற்காலியிலேயே விமான வாசல் வரை வர அனுமதி கேட்கவும் மறக்கக் கூடாது. தினமும் உட்காரும் நாற்காலி அவரவர் உடலுக்கு ஏற்ப அமைந்தது. விமான நிலைய நாற்காலி யாருடைய உடலுக்கும் அமைந்ததில்லை.

முன்பதிவு செய்தாலே எல்லாம் நடந்துவிடும் என்றும் இல்லை. 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில் 80 வயது முதியவருக்கும் அவர் மனைவிக்கும் இரண்டுக்குப் பதில் ஒரே சக்கர நாற்காலி கிடைத்தது. மனைவியை அதில் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நடந்து வந்த கணவர் சுருண்டு விழுந்து இறந்துபோனார். ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

ரயில் என்றால் கணக்கு வேறு. தாம்பரத்திலிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸ், செங்கல்பட்டிலிருந்து காச்சிகூடா எக்ஸ்பிரஸ் என்று ஓர் இரவுப் பயணத்தில் ஹைதராபாத் போய்விடலாம். துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத உடல் ஊனமுற்றோர், முற்றிலும் பார்வையற்றோர், அறிவுசார் குறைபாடு உள்ளோர் ஆகியோருக்குத் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணத்தில் 75 சதவீதச் சலுகை உண்டு. இரண்டடுக்கு ஏ.சி.யில் 50 சதவீதம். கூட வரும் ஒருவருக்கும் அதே சலுகை. தூங்கும் வகுப்பில் இவர்களுக்கென்று நான்கு படுக்கைகள், அதாவது இரண்டு கீழ்ப் படுக்கை, இரண்டு நடுப் படுக்கை ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் இதையெல்லாம் இணையத்தில் பெற ரயில்வே தனியாக வழங்கும் அடையாள அட்டை தேவை. அது கைக்கு வர நாளாகும் என்பதால் பயணத் திட்டத்தின் முதல் வேலையே அதற்கு விண்ணப்பிப்பதுதான். தேதி குறிப்பதெல்லாம் பிறகு.

சலுகை டிக்கெட்டின் விலையைக் குறைக்கும். பெட்டியின் உயரத்தைக் குறைக்காது. உயர்ந்த நடைமேடையில் நின்றாலும் ரயில் பெட்டியின் தளம் 40 சென்டிமீட்டருக்கும் மேலே இருக்கும். சாதாரணப் பெட்டியின் வழிகளும் கழிப்பறையும் சக்கர நாற்காலியை நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல. அதற்கென்று அகலக் கதவும் பெரிய கழிப்பறையும் கொண்ட தனிப் பெட்டி பல ரயில்களில் உண்டு. அது பெரும்பாலும் ரயிலின் ஏதாவது ஒரு கோடியில் இருக்கும். எந்தக் கோடி என்று தெரியாமல் போனால், நின்று கிளம்பும் சில நிமிடங்களில் நடைமேடையின் முழு நீளத்தையும் கடக்க வேண்டிவரும்.

கணினி எப்படிப் படுக்கை ஒதுக்கும் என்பதற்கு 2017 ஜூன் மாதச் சம்பவம் ஒன்று சாட்சி. நாக்பூரிலிருந்து தில்லி சென்ற கரீப் ரத் ரயிலில், சக்கர நாற்காலி பயன்படுத்தும் பாரா விளையாட்டு வீராங்கனை சுவர்ணா ராஜுக்கு மேல் படுக்கை ஒதுக்கப்பட்டது. யாரும் மாற்றித் தரவில்லை. நாட்டுக்காக விளையாடியவர் அன்றிரவு தரையில் படுத்துப் பயணம் செய்தார். அன்றைய ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு விசாரணைக்கு உத்தரவிட்டார்.

காது கேளாதவர்களின் சிக்கல் வெளியே தெரியாதது. நடைமேடை மாறியதைக் கடைசி நிமிடத்தில் ஒலிபெருக்கியில் சொல்வது நம் ரயில் நிலையங்களின் பழக்கம். கூட்டம் திடீரென ஒரு திசையில் ஓடினால்தான் இவர்களுக்கு விஷயம் புரியும்.

வண்டியை விட்டு இறங்கினால் ஹைதராபாத். இந்த நகரத்தின் பெரிய ஆறுதல் மெட்ரோ. 2017 நவம்பர் 28 அன்று தொடங்கிவைக்கப்பட்டு, முதல் கட்டத்தில் மூன்று வழித்தடங்களும் 57 நிலையங்களுமாக வளர்ந்தது. முழுக்கத் தூண்களின் மேலே ஓடுகிறது என்பதால் லிஃப்ட் இல்லாமல் அதற்கு வாழ்வில்லை, லிஃப்டுகள் இருக்கின்றன. பார்வையற்றோர் கால்களால் உணர்ந்து நடக்கும் மேடு பதித்த தரையும், ரயிலில் சக்கர நாற்காலிக்கான இடமும் உண்டு. நடைமேடையும் ரயிலின் தளமும் ஒரே மட்டம். நாம்பள்ளி, செகந்திராபாத், பேகம்பேட் ரயில் நிலையங்களுக்குப் பக்கத்திலேயே மெட்ரோ நிலையங்கள் இருப்பது வெளியூர்க்காரர்களுக்கு வசதி.

ஆனால் மெட்ரோ நிலையத்தின் லிஃப்ட் கொண்டுவந்து விடும் இடம் ஒரு நடைபாதை. அங்கே நிற்கும் பைக், தள்ளுவண்டி, மின்கம்பம், உடைந்த சிலாப் எல்லாம் மெட்ரோவின் கணக்கில் வராதவை. பயணம் என்பது சங்கிலி. வீட்டு வாசலிலிருந்து விடுதிக் கட்டில் வரை பத்துக் கண்ணிகள் இருந்தால், அறுந்துபோகும் அந்த ஒரு கண்ணிதான் மற்ற ஒன்பதின் மதிப்பையும் தீர்மானிக்கிறது. ஷம்சாபாத் விமான நிலையத்துக்கும் சார்மினாருக்கும் மெட்ரோ இன்னும் எட்டவில்லை என்பதையும் திட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அங்கெல்லாம் டாக்சிதான். காஸ் சிலிண்டர் வைத்த டாக்சியின் டிக்கியில் மடித்த நாற்காலிகூட நுழையாது. வண்டி பிடிக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

இனி பார்க்கும் இடங்கள். இங்கேதான் 'மாற்றுத்திறனாளிக்கு ஏற்றது, ஏற்றதல்ல' என்று ஒரே வரியில் சொல்லும் சுற்றுலாக் கையேடுகள் தோற்றுப்போகின்றன. கோல்கொண்டா கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் இருக்கும் பாலா ஹிசாருக்குச் சுமார் 360 படிகள். சக்கர நாற்காலிக்கு அது முடியாத காரியம். ஆனால் அந்தக் கோட்டையின் புகழ்பெற்ற அதிசயம் கண்ணுக்கானது இல்லை, காதுக்கானது. கீழே ஃபதே தர்வாசா வாயிலின் குவிமாடத்தடியில் கை தட்டினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி மலை உச்சியில் கேட்கும். எதிரி வந்தால் எச்சரிக்கச் செய்த ஏற்பாடு. பார்வையற்ற ஒருவர் நல்ல துணையோடு போனால், கேமராவும் கையுமாக ஓடுகிறவர்களைவிட அதிகமாகவே கோல்கொண்டாவை உணர்வார். நாற்காலியில் இருப்பவர் வாயிலில் இருந்தபடி கை தட்டலாம். உறவினர் மேலே நின்று பதில் தட்டலாம். காது கேளாதவருக்குக் கோட்டையின் மதில்களும் மாலை வெயிலும் போதும், ஆனால் ஒலி-ஒளிக் காட்சிக்குக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. ஒரே இடம், மூன்று விதமான பயணிகள், மூன்று விடைகள்.

1591இல் கட்டப்பட்ட சார்மினாரின் உள்ளே இருப்பது குறுகிய சுழல் படிக்கட்டு. மேலே போக வேறு வழியில்லை. ஆனால் நான்கு வளைவுகளையும் சுற்றியுள்ள பகுதி வாகனங்களை ஒதுக்கிக் கல் பாவப்பட்டிருப்பதால் கீழே சுற்றிவர முடிகிறது. லாட் பஜாரின் வளையல் கடைகளுக்கும் போகலாம். நெரிசல் குறைந்த காலைப் பொழுதுதான் அதற்கு ஏற்றது. ரம்ஜான் மாத இரவுகளில் நடப்பவர்களுக்கே அங்கே இடமிருக்காது.

மூசி ஆற்றங்கரையில் உள்ள சாலார் ஜங் அருங்காட்சியகம் 1968இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. அங்கே கூட்டம் கூடிக் காத்திருப்பது இசைக் கடிகாரத்துக்காக. ஒவ்வொரு மணிக்கும் ஒரு பொம்மை மனிதன் வெளியே வந்து மணியடித்துவிட்டு உள்ளே போவான். பார்ப்பவருக்கும் காட்சி, கேட்பவருக்கும் காட்சி. முகத்திரை அணிந்த ரெபெக்காவின் பளிங்குச் சிலையும் அங்கேதான் இருக்கிறது. பெஞ்சோனி என்ற இத்தாலியச் சிற்பி கல்லையே மெல்லிய துணியாகக் காட்டியிருப்பார். தொட்டுப் பார்க்க வேண்டிய சிலை, தொடத்தான் முடியாது. தில்லி தேசிய அருங்காட்சியகம் 2015இல் 'அனுபவ்' என்ற பெயரில் 22 பிரதிகளைக் கொண்ட தொட்டுணரும் கூடத்தைத் திறந்தது. ரெபெக்காவுக்கும் அப்படி ஒரு பிரதி செய்து வைத்தால் என்ன குறைந்துவிடும்? வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹுசைன் சாகர் ஏரிக்கு நடுவே நிற்கும் புத்தரிடம் போகப் படகில் ஏற வேண்டும். நாற்காலிக்காரர்கள் கரையிலிருந்தே கும்பிட்டுக்கொள்வது உத்தமம். ராமோஜி பிலிம் சிட்டியில் சுற்றுலாவின் பெரும்பகுதி பேருந்தில் ஏறி இறங்குவதுதான் என்பதால், தொலைபேசியில் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். முச்சிந்தலில் 2022இல் திறக்கப்பட்ட 216 அடி ராமானுஜர் சிலையைத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து நிறைய பேர் போகிறார்கள். அவர் அமர்ந்திருக்கும் பீடமே பல மாடிக் கட்டடம் ஒன்றின் உயரம். கீழிருந்தே சேவித்துவிடலாம்; மேலே செல்லும் வழியை விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

விடுதி எடுப்பதுதான் எல்லாவற்றிலும் ஏமாற்றம் மிகுந்த கட்டம். "ரேம்ப் இருக்கா?" என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் "இருக்கு சார்" என்பார்கள். இருக்கவும் செய்யும். பைக் ஏற்றுவதற்காகப் போட்ட செங்குத்துச் சிமென்ட் பலகை அது. ஆகவே அளவைக் கேட்க வேண்டும். இந்திய அரசின் தரநிலை சாய்தளத்துக்குச் சொல்வது ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஆறு அங்குலப் படி ஒன்றுக்கு ஆறு அடி; அப்படி மூன்று படிகள் இருந்தால் பதினெட்டு அடி. மூன்று படிக்கு நான்கடிப் பலகை போட்டிருந்தால் அதில் ஏறுபவர் பின்னால் கவிழ்வார்.

வாசலைத் தாண்டினால் குளியலறைக் கதவு. தரநிலைப்படி 90 சென்டிமீட்டர் வழி வேண்டும். நம் ஊர்க் குளியலறைக் கதவுகள் பெரும்பாலும் இரண்டரை அடி. சட்டமும் கீலும் போக மிஞ்சுவது இன்னும் குறைவு. சாதாரணச் சக்கர நாற்காலியின் அகலமே இரண்டு அடிக்கு மேல். இந்த இரண்டு மூன்று அங்குல வித்தியாசத்தில்தான் ஒருவர் தன்மானத்தோடு குளிப்பதும், இன்னொருவர் தூக்கி உட்கார வைக்கக் காத்திருப்பதும் முடிவாகிறது. உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம், கழிப்பறைப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி, கட்டிலின் உயரம் ஆகியவற்றையும் கேட்கலாம். வாட்ஸ்ஆப்பில், அளவு நாடாவைக் கதவில் வைத்து ஒரு படம் அனுப்பச் சொல்வதில் தவறே இல்லை. அனுப்பும் விடுதிக்குத்தான் பணம் கட்ட வேண்டும். நட்சத்திரத் தகுதி பெறும் விடுதிகளில் குறைந்தது ஓர் அறையாவது மாற்றுத்திறனாளிகளுக்கென இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அறையையே பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கழிப்பறை கிடைக்காது என்ற பயத்தில் பயண நாளில் தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் ஏராளம். இது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராத விலை.

கேட்டு, கெஞ்சி, அளந்துதான் போக வேண்டுமா, சட்டம் ஒன்றும் சொல்லவில்லையா? சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்தும் கட்டடங்களும் தடையின்றி இருந்தே ஆக வேண்டும் என்கிறது. ஆனால் அதன்கீழ் வந்த 15ஆவது விதி, பரிந்துரை அளவில் நின்ற வழிகாட்டி நெறிகளின் பட்டியலாகவே இருந்தது. சட்டம் கட்டளையிட, விதி வேண்டுகோள் விடுத்தது.

இந்த ஓட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் ஹைதராபாத்துக்கே பங்குண்டு. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த பொதுநல வழக்கில், நாட்டின் நிலைமையை ஆராய்ந்து அறிக்கை தரும்படி ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையத்தை உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. அந்த அறிக்கையை வைத்து 2024 நவம்பர் 8 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அந்த விதியின் முதல் உட்பிரிவு சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டிய தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கும் ஒரு குட்டு உண்டு. தில்லியில் 3,775 தாழ்தளப் பேருந்துகள் இருக்க, தமிழ்நாட்டின் 21,669 பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்கூடியவை 1,917 மட்டுமே என்று அது சுட்டிக்காட்டுகிறது. ஹைதராபாத்தைக் குறைசொல்லும் முன் நாம் இந்த எண்ணைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வது நல்லது.

அதே தமிழ்நாட்டில்தான் 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. கடற்கரை நகரத்தில் பிறந்து வளர்ந்தும் அலையில் கால் நனைக்காதவர்கள் சக்கர நாற்காலியில் அலைக்கு அருகே போனார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, மாநகராட்சி சரிசெய்தது. 2001இல் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் தில்லிக்கு வந்தபோது அவருக்காக நினைவுச் சின்னங்களில் அவசர அவசரமாக மரச் சாய்தளங்கள் போட்டார்கள். விருந்தாளி ஒருவருக்காகச் செய்ய முடிந்ததை உள்ளூர்க்காரர்களுக்குச் செய்ய இருபது ஆண்டு தேவைப்படுகிறது.

இதையெல்லாம் தனியே செய்ய முடியாதவர்களுக்கு வழிகாட்டும் நிறுவனங்களும் வந்துவிட்டன. பார்வையற்ற தந்தைக்கும் போலியோ பாதித்த தாய்க்கும் மகளான நேஹா அரோரா 2016இல் தில்லியில் தொடங்கிய பிளானட் ஏபில்டு, மாற்றுத்திறனாளிகளுக்கென்றே சுற்றுலா நடத்துகிறது. தானே திட்டமிட விரும்புகிறவர்கள் கூகுள் வரைபடத்தில் சக்கர நாற்காலி அடையாளம் காட்டும் வசதியை இயக்கிவைக்கலாம். அதை நம்புவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு அவசியம்.

போய்வந்தவர்கள் ஒரு வேலையை மறக்காமல் செய்ய வேண்டும். சாய்தளம், கழிப்பறை, லிஃப்ட் ஆகியவற்றைப் படம் எடுத்து, அளவோடு வரைபடத்தில் ஏற்றிவிடுங்கள். தடை இருந்தால் 2021இல் மத்திய அரசு வெளியிட்ட சுகம்ய பாரத் செயலியில் படத்தோடு புகார் செய்யலாம். விடுதி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இன்றைக்கே ஒரு டேப்பை எடுத்துக் குளியலறைக் கதவை அளந்து, அந்த எண்ணை வரவேற்பறைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை யாராவது கேட்டால் "இருக்கு சார்" என்று சொல்லாமல் அந்த எண்ணைச் சொல்லுங்கள். வருவதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.